விறகாகும் முன்



கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம், சேந்தன்குடி, வடகாடு தொடங்கி அறந்தாங்கி, கறம்பக்குடி வரைக்கும் ஊருக்கு ஊர் இளைஞர் மன்றம் வைத்துக் குளம் தூர்வாரியும் மரம் நட்டும் வருகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். ஒரே ஒரு கோரிக்கைதான். வருகிற ஐப்பசியில் நீங்கள் வைக்கப்போகும் மரங்களில் ஒரு பகுதியையாவது பாக்கெட் கன்றாக வாங்காமல் போத்தாக, அதாவது வெட்டிய கொம்பாகவே, நடுங்கள். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டிப் போட்ட கிளை, சாலை அகலப்படுத்தச் சாய்த்த மரத்தின் கொம்பு, காற்றில் ஒடிந்து தொங்கும் வாது எல்லாவற்றையும் நாம் விறகென்றே பார்க்கப் பழகிவிட்டோம். அவற்றில் ஒரு பங்கு மண்ணில் வைத்தால் மரமாகும். அந்தப் பங்கு எது என்று நம் பாட்டன் பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி நம் பக்கம் வந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். தென்னந்தோப்பும் பலாவும் மாவும் போன துயரத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கணக்கெடுத்தார்கள், நிவாரணம் வந்தது. எந்தக் கணக்கிலும் ஏறாதவை சாலையோரத்துப் பூவரசும், கோயில் வாசல் அரசும், பள்ளிக்கூட மைதானத்துச் செம்மயில்கொன்றையும், பேருந்துக்கு நிற்பவர்களுக்கு நிழல் கொடுத்த தூங்குமூஞ்சியும்தான். யாருடைய பட்டாவிலும் நிற்காத மரங்கள் அவை. வழியை மறித்துக் கிடந்தவற்றை அறுத்து ஒதுக்குவதுதான் அப்போதைய அவசரம்; அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுத்து ஒதுக்கிய குவியல்களில் கிடந்த ஒதியும் பூவரசும் ஆலும் அடுத்து வந்த மழையில் கிடந்தபடியே துளிர்த்தன. மண்ணும் இல்லாமல், வேரும் இல்லாமல், தமக்குள் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு அவை துளிர்த்தன. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், அதே ஆண்டு செப்டம்பரில், சேந்தன்குடி மரம் தங்கசாமி ஐயா மறைந்திருந்தார். வறண்ட நிலத்தைக் கற்பகச் சோலை என்னும் காடாக மாற்றி, போகிற இடமெல்லாம் கன்று கொடுத்து வந்தவர். உங்களில் பலர் மரம் நட வந்ததற்கு அவரும் ஒரு காரணம் என்பதை அறிவேன். அவர் கொடுத்துப் பழக்கியது கன்று. நான் அதனோடு சேர்த்துப் போத்தையும் கையில் எடுக்கச் சொல்கிறேன்.

ஏன் போத்து? முதல் காரணம் ஆடு. நம் மாவட்டத்தில் ஆடு இல்லாத தெரு இல்லை. முழ உயரக் கன்றை நட்டால் அதற்குக் கூண்டு வேண்டும். கூண்டின் விலையில் பத்துக் கன்று வாங்கலாம். முள்ளை வெட்டி வைத்தால் அதை அடுப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. கண்மாய்க் கரையிலும் சாலை ஓரத்திலும் நட்டு, படம் எடுத்து, அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் குச்சி மட்டும் நிற்பதை நீங்களே எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஏழெட்டு அடி நீளப் போத்தை இரண்டடி ஆழத்தில் இறக்கி நட்டால் துளிர் வருவது ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில். கூண்டு தேவையில்லை. மாடு வந்து உரசாமல் இருக்க நாலு முள்ளைச் சுற்றிக் கட்டினால் போதும். இரண்டாவது காரணம் காலம். கன்று ஆள் உயரம் வருவதற்குள் இரண்டு மூன்று கோடை கடக்க வேண்டும்; போத்து முதல் நாளே ஆள் உயரத்தில் நிற்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. கல்யாணப் பந்தலில் அரசாணிக்கால் நடுகிறோம். கல்யாண முருங்கைக் கொம்பையோ அரசங்கொம்பையோ மஞ்சள் பூசிக் கட்டி, முடிந்தபின் கொல்லையில் ஊன்றி வைப்பது எத்தனையோ வீடுகளில் வழக்கம். அது தழைத்தால் வீட்டுக்கு நல்லது என்று நம்பினார்கள். முருங்கையை யாரும் விதை போட்டு வளர்த்ததில்லை, செடிமுருங்கை வருகிற வரைக்கும். கிளுவை வேலி முழுக்கப் போத்தால் ஆனது. வடகாடு பக்கம் மிளகுக் கொடி ஏறி நிற்கிற கிளைரிசிடியாவும் கல்யாண முருங்கையும் போத்தாக வந்தவைதாம். தோட்டத்து வேலிக்கும் கொடிக்காலுக்கும் செய்கிற இதே வேலையை ஊர்ப் பொது இடத்துக்குச் செய்வதை மட்டும் விட்டுவிட்டோம்.

இனி மரங்களைப் பற்றி. உங்களுக்கு இதுதான் அதிகம் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மண்ணுக்கு முதலில் பூவரசு. மணிக்கட்டுக் கனத்திலிருந்து தொடை கனம் வரைக்கும் எந்தக் கொம்பை நட்டாலும் வரும். மஞ்சளாகப் பூத்து மாலையில் சிவந்து வாடும் அந்தப் பூவைப் போல் வருடம் முழுக்கத் தெருவுக்கு நிறம் கொடுக்கும் மரம் குறைவு. மரவேலைக்கு வேண்டுமென்றால் மட்டும் விதையில் போடுங்கள். போத்தில் வந்த பூவரசில் நடுவைரம் உளுத்துப்போவதுண்டு என்று மரம் அறுப்பவர்கள் சொல்வார்கள். நிழலுக்கும் பூவுக்கும் அது ஒரு குறையே இல்லை. அடுத்து வாதமடக்கி என்கிற வாதநாராயணன். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக முதிரும் பூ. செம்மயில்கொன்றைக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் நம் நாட்டு வறட்சிக்குப் பழகியது. வயலுக்குத் தழையுரம் கொடுத்த மரம் என்பதால் வரப்போரம் இன்னும் சில நிற்கின்றன. ஒதிய மரத்தை யாரும் மதிப்பதில்லை. ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று பழமொழியே அதைப் பழிக்கிறது. உத்தரம் ஆகாது என்பதால்தான் அதை யாரும் வெட்டவும் மாட்டார்கள். ஊன்றிய இடத்தில் நின்று நிழல் தரும்.

ஆலும் அத்தியும் இச்சியும் பெரிய போத்தாகவே நட வேண்டியவை. வெட்டியதும் பால் வடியும். ஒரு நாள் நிழலில் நிறுத்தி வைத்துப் பால் அடங்கிய பிறகு நடுங்கள். அரசு இவற்றைப் போல அவ்வளவு எளிதில் இணங்காது. பத்து வைத்தால் சிலதான் தேறும் என்று எதிர்பார்த்து நடுங்கள். கோயில் குளக்கரைகளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும் ஈழத்தலரிக்கு முறை வேறு: வெட்டிய குச்சியை ஒரு வாரம், பத்து நாள் நிழலில் காயப்போட வேண்டும். வெட்டுவாய் வறண்டு தோல் கட்டிய பிறகுதான் மண்ணில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் அழுகிப்போகும். அது நம் பக்கம் காய்ப்பது அரிது. தமிழ்நாடு முழுக்கக் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரிகள் அநேகமாக எல்லாம் யாரோ ஒருவர் ஒடித்து வந்து ஊன்றிய குச்சிகள்தாம்.

மரமல்லியும் இங்கே விதை கட்டுவது அபூர்வம். அதன் வேரிலிருந்து வரும் பக்கக் கன்றுகளை மண்ணோடு பெயர்த்து எடுத்து நடலாம். பூவின் மணத்துக்காக எல்லோரும் விரும்புவார்கள், ஆனால் கட்டை எளிதில் முறியும் மரம். வீட்டுக்கும் கம்பிக்கும் தள்ளி வையுங்கள். குளக்கரைக்கு நான் மிகவும் விரும்பும் மரம் மாவிலங்கம். இலை உதிர்ந்து பூ மட்டும் நிறைந்து நிற்கும் நாட்களில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளம் நின்றாலும் தாங்கும், வேர்க்கன்றாலும் குச்சியாலும் வரும். இப்படி ஒரு நாட்டு மரம் இருக்கும்போது நாம் ஏன் வெளியூர் அழகுக் கன்றுகளையே தேடிப்போகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

சரக்கொன்றை, மகிழம், புன்னை, இலுப்பை, நாகலிங்கம், புங்கம், வேம்பு ஆகியவற்றைப் போத்தாக நட்டு ஏமாறாதீர்கள். அவற்றுக்கு விதைதான் நேர் வழி. தென்னைக்கும் பனைக்கும் கிளையே கிடையாது. அவற்றின் உயிர் முழுக்க உச்சிக் குருத்து ஒன்றில்தான். பொற்பனைக் கதை வழங்கும் திருவரங்குளத்திலும் பனைக்குக் கொட்டைதான் வழி.

கிளையைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். காற்றில் ஒடிந்த கொம்பில் முறிந்த வாய்ப்பக்கம் நார் நாராகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவு எங்கே முடிகிறதோ அதற்கும் ஒரு சாண் தள்ளி, முழுதாக இருக்கும் இடத்தில் வாளால் அறுங்கள். அரிவாளால் கொத்தினால் பட்டை சிதறும். சிதறிய பட்டையில் வேர் வராது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்: பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. அன்றைக்கே நட முடியாவிட்டால் இலைகளைக் கழித்து, ஈரச் சாக்கில் சுற்றி, நிழலில் வையுங்கள். இலை இருந்தால் அது தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். உறிஞ்சித் தர வேர் இல்லாத கொம்பு அதனாலேயே வாடிச் சாகும்.

அடி எது, தலை எது என்பதை வெட்டும்போதே குறித்துக்கொள்ளுங்கள். குவியலில் கலந்துவிட்டால் மொட்டுகள் எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன என்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். தலைகீழாக நட்டால் அநேகமாக வராது. காரணம் உள்ளே நடக்கும் வேலை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான மெல்லிய படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பதும் புண் ஆறுவதும் அதனால்தான். மொட்டுகளில் ஊறும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் அந்தப் படலத்தின் வழியே எப்போதும் அடி நோக்கி இறங்குகிறது. கிளை அறுபட்டதும் இறங்க வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் முதலில் தழும்புத் திசு திரளும், பிறகு வேர் பிறக்கும். அமெரிக்காவின் யாங்கர்ஸ் நகரில் பாய்ஸ் தாம்சன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிம்மர்மன், வில்காக்சன் என்ற இருவரும் 1935-இல் இன்டோல் பியூட்டிரிக் அமிலம் இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்ய வைக்கிறது என்று காட்டினார்கள். இன்றைக்கு உரக்கடையில் வேர் ஊக்கிப் பொடியாக விற்பது பெரும்பாலும் அதுதான். சுண்டுவிரல் கனக் குச்சிகளுக்கு 1000 முதல் 3000 பி.பி.எம். வரை போதும். ஈர முனையைப் பொடியில் தொட்டு உதறிவிட்டு வையுங்கள். அள்ளி அப்பினால் முனை கருகும். பூவரசுக்கும் ஒதிக்கும் ஆலுக்கும் இதுவும் வேண்டாம்.

நடுவது எளிது, ஆனால் அவசரம் கூடாது. சம்மட்டியால் அடித்து இறக்காதீர்கள். பட்டை உரிந்து அடிப்பக்கம் வீணாகும். கடப்பாரையால் இரண்டடிக் குழி போடுங்கள். நம் ஆலங்குடிப் பக்கம் செம்பாறாங்கல் தட்டும் இடங்களில் அதை உடைத்து ஆழமாக்காமல் நடுவதில் பயனில்லை. வேர் பக்கவாட்டில் மட்டும் ஓடி, முதல் காற்றில் சாயும். குளத்து வண்டலும் மணலும் கலந்து நிரப்பி, காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். உள்ளே காற்றிடம் விட்டால் அங்கே வேர் காயும். தலை வெட்டைச் சாய்வாக அறுத்து, சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசுங்கள். முருங்கைப் போத்துக்கு உங்கள் பாட்டி செய்ததுதான். பிறகு அதில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள், கொடி கட்டாதீர்கள். முதல் ஆறு மாதம் அசைவே கூடாது. அசைந்தால் அப்போதுதான் வந்த மயிரிழை வேர் அறுந்துவிடும்.

இனி சொல்லப் போவதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். துளிரை நம்பாதீர்கள். போத்து நட்ட சில வாரங்களில் பச்சையாகத் துளிர்க்கும். எல்லோரும் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தத் துளிர் கட்டைக்குள் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைத் தின்று வந்தது, வேரிலிருந்து வந்ததல்ல. கையிருப்பு தீருவதற்குள் வேர் பிடித்தால் மரம், இல்லையென்றால் பங்குனி சித்திரையில் இலை சுருண்டு கொம்பு காய்ந்து நிற்கும். போத்து சாவது நட்டபோதல்ல, அடுத்த கோடையில்தான். ஆகவே மார்கழியோடு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்; தை முதல் ஆனி வரைக்கும் வாரம் ஒரு குடம் யார் ஊற்றுவது என்று நடும் அன்றே பெயர் எழுதி வையுங்கள். துளிர் வந்தபின் அடியிலிருந்து வரும் சிம்புகளைக் கிள்ளிவிட்டு, தலைப்பக்கம் மூன்று நான்கை மட்டும் விடுங்கள்.

போத்தாக வராத மரம் ஒன்று ஊருக்கு அருமையானது, அது சாய்ந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஆவுடையார்கோயிலில் குருந்த மரத்தடியில்தான் மாணிக்கவாசகரை இறைவன் ஆட்கொண்டதாகச் சொல்கிறோம். குளமங்கலத்தில் அய்யனார் பெருங்காரையடியில் வீற்றிருக்கிறார். இப்படிப்பட்ட இடங்களில் அதே இனத்தில் இன்னொரு மரம் என்பதைவிட அதே மரத்தின் உடம்பிலிருந்தே ஒன்று என்று மனம் கேட்கும். அந்த ஆசை பழையது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் புத்தகயை அரசின் கிளையைப் பௌத்தத் துறவி சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுபோனதாக மகாவம்சம் சொல்கிறது. அனுராதபுரத்தில் இன்றும் நிற்கும் அந்த மரம், நட்ட காலம் தெரிந்து மனிதர் கையால் நடப்பட்ட மரங்களில் உலகிலேயே மூத்தது. புத்தகயையில் நின்ற பழைய மரமோ 1876-இல் காற்றில் விழுந்தது. தொல்லியலாளர் கன்னிங்காம் 1881-இல் அங்கே அதன் வாரிசாக ஒன்றை நட்டார்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு மரம் சாய்ந்தால் முதலில் அடிக்கட்டையைப் பெயர்க்க விடாதீர்கள். சாய்ந்த மரங்கள் பலவற்றில் அடிக்கட்டை உயிரோடு இருக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் சிம்பு விடும். மரத்துக்கு வயதென்ன ஆனாலும் அடியிலிருந்து புதிதாக வரும் சிம்பு இளமையானது. உச்சிக் கிளைக் குச்சியில் வராத வேர் இந்தச் சிம்புக் குச்சியில் வரும். அதைச் சாண் அளவு வெட்டி, வேர் ஊக்கி தொட்டு, மணலில் நட்டு, மேலே பாலித்தீன் கூடாரம் போட்டு ஈரம் குறையாமல் வைத்துப் பாருங்கள். பாதி ஒடிந்து, ஒரு பக்கப் பட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும் கிளை என்றால் அதை அறுக்காமலே விண்பதியம் போடலாம்: முறிவின் மேல்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, நனைத்த தென்னை நார்க்கழிவை உருண்டையாகப் பொதிந்து பாலித்தீனால் இறுகக் கட்டி, கிளை ஆடாமல் ஒரு கவைக் கம்பால் முட்டுக் கொடுங்கள். செண்பகம் போன்றவற்றுக்கு இந்த வழி ஏற்றது. பலாவுக்கு ஒட்டுதான். கஜாவில் சாய்ந்த எத்தனையோ பலாவின் சுவை இன்றைக்கு வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கிறது. சாய்ந்த அன்றோ மறுநாளோ நுனிக்குச்சிகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போய் இளங்கன்றில் ஒட்டுக் கட்டியிருந்தால் அந்தச் சுவை மண்ணில் நின்றிருக்கும். வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். ஒட்டுக் கட்டுவதைப் புயலுக்குப் பிறகு கற்க முடியாது. இப்போதே போய்க் கேளுங்கள்.

பெரிய ஆலை ஜேசிபி வைத்து நிமிர்த்தி நட ஆசைப்படுவீர்கள். சில ஊர்களில் செய்தும் இருக்கிறீர்கள். நல்ல முயற்சி, ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் பேராலமரத்தில் நடுமரம் 1989-இல் காற்றில் சாய்ந்தபோது நிமிர்த்திப் பார்த்தார்கள், அது பிழைக்கவில்லை. விழுதுகள்தாம் இன்றைக்கும் அந்த மரமாக நிற்கின்றன. கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரமும் 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பூஞ்சணம் பிடித்து, 1925-இல் நடுமரத்தை எடுத்த பிறகும் விழுதுகளால் பரவிக்கொண்டே இருக்கிறது. நிமிர்த்துகிற அதே நாளில் கழித்த கொம்புகளில் நல்லதாகப் பத்தை எடுத்து ஊரைச் சுற்றி நட்டுவிடுங்கள்.

போத்தைப் பற்றி இவ்வளவு உயர்த்திச் சொன்னவன் அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மரத்திலிருந்து எடுத்த நூறு போத்தும் நூறு மரமல்ல. ஒரே மரம் நூறு இடத்தில் நிற்கிறது. அதற்கு ஒரு நோய் வந்தால் நூறுக்கும் வரும். இங்கிலாந்தின் வயல்வெளிக்கு அடையாளமாக நின்ற எல்ம் மரம் ரோமானியர் காலத்திலிருந்து வேர்க்கன்றாலேயே பெருக்கப்பட்ட ஒரே மரபு என்று 2004-இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது. 1970-களில் வண்டு பரப்பிய பூஞ்சண நோயில் பிரிட்டனில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் செத்துப்போயின. நமக்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. கல்யாண முருங்கை இலையும் காம்பும் முண்டு முண்டாக வீங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். 2005 வாக்கில் தென்னிந்தியாவுக்கு வந்த ஒரு சிறு குளவியின் வேலை அது. வேலியெல்லாம் செக்கச்செவேலென்று பூத்த மரம் குறைந்துபோனதில் அதற்குப் பெரிய பங்குண்டு. முண்டு விழுந்த கொம்பை நட எடுத்துப்போனால் குளவியையும் சேர்த்தே எடுத்துப்போகிறோம். ஆகவே இருபது போத்து வேண்டுமென்றால் ஐந்தாறு தாய்மரங்களிலிருந்து, முடிந்தால் வெவ்வேறு ஊர்களிலிருந்து எடுங்கள். இடையிடையே விதைக் கன்றும் வையுங்கள். விதையில் வந்த மரத்துக்கு ஆணிவேர் உண்டு, போத்துக்கு இல்லை. காற்று அடிக்கிற நாளில் இரண்டும் கலந்து நின்றால்தான் வரிசையில் ஏதாவது மிஞ்சும். ஆல், அரசு வகையைக் கலிங்குக்கும் மடைக்கும் கிணற்றுக்கும் அருகில் வைக்கவே கூடாது. கட்டுமானத்துக்குள் வேர் நுழைந்து பிளந்துவிடும்.

குச்சியில் மரம் வளர்க்கும் அறிவு நம் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. தைல மரக் காடுகளைப் பாருங்கள். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் பிற்பாடு காகித ஆலைகளும் தேர்ந்தெடுத்த தைல மரத்தை வெட்டி, அடிச்சிம்பை எடுத்து, வேர் ஊக்கி தொட்டு, ஈரக்கூடத்தில் வேர்பிடிக்க வைத்து, நட்டு முடித்திருக்கிறார்கள். அந்தத் தைலக் காடுகள் நம் நீர்நிலைகளுக்கு வரும் ஓட்டத்தை என்ன செய்தன என்பதைப் பற்றி நீங்களே போராடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதே சிம்பு, அதே பொடி, அதே பாலித்தீன் கூடாரத்தைக் குருந்துக்கும் பெருங்காரைக்கும் மாவிலங்கத்துக்கும் பயன்படுத்திப் பார்க்க யாரும் முன்வரவில்லை என்பதே என் ஆதங்கம். அந்த மரங்களில் விலை போகும் மரக்கூழ் இல்லை. அதனால் அது உங்களால்தான் நடக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆவணி, புரட்டாசியில் ஒவ்வொரு மன்றமும் தன் ஊரைச் சுற்றி நடந்து தாய்மரப் பட்டியல் எழுதட்டும்: எந்த மரம், எங்கே நிற்கிறது, எந்த மாதம் பூக்கிறது, நோய் இருக்கிறதா. மழைக்கு முன் மின்பாதை பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு ஊழியர்களோடு போய், வெட்டும் கிளைகளைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கும் சுமை குறையும். சாலையோர மரம் அரசுச் சொத்து. வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதியோடு சாய்க்கும் மரமாக இருந்தாலும், புயலில் விழுந்ததாக இருந்தாலும், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுக் கொம்பை எடுங்கள். பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பின்புறமோ கோயில் நந்தவனத்திலோ ஒரு நிழல் பாத்தி போட்டு வைத்தால் ஒரே நாளில் நட முடியாததை அங்கே ஊன்றி வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் வழி திறக்கும் குழுவோடு வாளும் ஈரச் சாக்கும் எடுத்துக்கொண்டு நாலு பேர் தனியாகப் போகட்டும். ஆளுக்கும் மாட்டுக்கும் வேண்டியதைச் செய்த பிறகு, அன்று மாலைக்குள் கொம்புகளைப் பிரித்து ஒதுக்கிவிட வேண்டும். மூன்றாம் நாள் அது விறகு.

பட்டியல் எழுதியதும் ஒரு படியைப் பக்கத்து ஊருக்கு அனுப்புங்கள். ஓர் ஊரில் இல்லாத மரம் அடுத்த ஊரில் நிற்கும். என்னிடம் கொடுப்பதற்கு மரமல்லி வேர்க்கன்றும், மஞ்சள் பூ ஈழத்தலரிக் குச்சியும், நோயில்லாத பூவரசங்கொம்பும் இருக்கின்றன. கேட்டு வருகிற மன்றத்துக்குக் காசில்லாமல் தருவேன். உங்களில் யார் ஊர்க் குளக்கரையிலாவது மாவிலங்கம் நின்றால் தெரியப்படுத்துங்கள். எனக்கு அதில் நாலு குச்சி வேண்டும், முடிந்தால் இரண்டு வேர்க்கன்றும்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து நாற்றுக்காரன்